கடைசிப் பக்கத்தில் ஒரு வரி

என் சகலையைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'ஒரே விலை' என்றால்தான் தெரியும். அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். அந்த ஒரு பாவத்துக்காக அவருடைய கொள்கை விளக்கத்தை இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு எம்பிராய்டரி கடை. கையால் போடுகிற பூ வேலை இல்லை. பள்ளிக்கூடச் சட்டைப் பையில் பள்ளியின் சின்னம், கம்பெனித் தொப்பியில் கம்பெனியின் பெயர், ஆஸ்பத்திரிக் கோட்டில் டாக்டரின் பெயர், எல்லாம் மெஷினில். யாராவது வந்து ஒரு படத்தைக் காட்டி, இதைப் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டால், முதலில் துணியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்ப்பார். பிறகு ஒரு தொகையைச் சொல்வார். அவ்வளவுதான். நூல், துணிக்கு அடியில் வைக்கிற தாள், பிசிறு வெட்டுவது, மடித்துக் கவரில் போடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். குறைத்துக் கேட்டால் சிரிப்பார். குறைக்கமாட்டார். ஒருமுறை தொப்பி ஆர்டர் ஒன்றுக்கு விலை சொன்ன மறுவாரமே நூல் விலை எகிறிவிட்டது. கைநஷ்டத்தில் அத்தனை தொப்பியையும் போட்டுக் கொடுத்தார். "சொன்னா சொன்னதுதான் சகலை" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது நஷ்டப்பட்ட முகமாக இல்லை. பரிசு வாங்கிய முகமாக இருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இளவயதில் அவர் வேறொருவர் கடையில் மெஷின் ஓட்டினார். அந்த முதலாளி வருகிறவர்களிடம் வாய் நிறையச் சிரித்து ஒரு விலை சொல்வார். துணியை வாங்க வரும்போது நூல் தனி, தாள் தனி, கவர் தனி என்று பில்லுக்கு வால் முளைத்திருக்கும். பில்லை நீட்டுகிற நேரம் பார்த்து முதலாளிக்கு உள்ளே வேலை வந்துவிடும். நீட்டுகிறது இவர், திட்டு வாங்குகிறதும் இவர். ஒரு நாள் ஒரு அம்மா, "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்கமாட்டேனே" என்று சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாராம். அன்றைக்கு முடிவு செய்தாராம், தனக்கென்று கடை வந்தால் ஒரே விலை என்று. நல்ல கொள்கைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொள்கை வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வியாதி இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லி, பிறகு மேலே கேட்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் திருடன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். விசாரிப்பதே இல்லை.

கடைக்கு இரண்டு அறை. முன் அறையை மெஷின் அடைத்துக்கொண்டிருக்கும். அதை ஓட்டுகிறவர் ஃப்ரேம் அக்கா. துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஃப்ரேமில் மாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அந்தப் பெயர். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்திருப்பது அவருடைய மருமகள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருடத்தில் பாதி கடலில். அவள் வருகிறவரை டிசைனுக்காக வெளியே ஒருவனிடம் போய்க் காத்துக் கிடப்பார் சகலை. அவள் வந்தபிறகு கடையே மாறிவிட்டது. படத்தைக் கொடுத்தால் அதைத் தையலாக மாற்றிவிடுவாள். ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எந்த இடத்தில் மெஷினை நிறுத்தி நூலின் நிறம் மாற்ற வேண்டும், எல்லாம் அவள் போடுகிற கணக்கு. அதற்கு ஒரு சாஃப்ட்வேர். வெளிநாட்டுக் கம்பெனியுடையது. வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்தப் பெரிய மெஷின் வெறும் இரும்பு.

வம்பு அந்தச் சந்தாவில்தான் தொடங்கியது. சகலையிடம் வெளிநாட்டுக்குப் பணம் போகிற கார்டு கிடையாது. மருமகள் முன்பு வேலை பார்த்தபோது வாங்கிய கார்டில் கட்டுவாள், அவர் கையில் பணமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். போன வருடம் சந்தா முடிகிற நேரத்தில் கம்பெனி அனுப்பிய நினைவூட்டல், கடைக்கென்று வைத்திருக்கிற ஃபோனுக்கு வந்திருக்கிறது. பெரிய எழுத்தில் விலை. அதை அவர் மனதில் வாங்கிக்கொண்டார். அவள் கட்டிவிட்டு வந்து சொன்ன தொகை அதைவிடக் கூட. கொஞ்சநஞ்சம் கூட இல்லை, முகம் மாறுகிற அளவுக்குக் கூட.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பேசாமல் எண்ணிக் கொடுத்தார். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்தார் போல. ஆனால் உள்ளே வைத்துக்கொண்டார். மனிதர் எதையும் செரிக்கமாட்டார், அப்படியே வைத்திருப்பார்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் ஓடும்போது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும்தான் பேச்சு கேட்கும். அதனால் ரகசியம் பேச வேண்டும் என்றால் மெஷின் ஓடுகிற நேரமாகப் பார்த்துப் பேசுவார்கள். நாமெல்லாம் ரகசியத்தைக் குசுகுசுப்போம், அங்கே கத்திச் சொல்வார்கள். ஒரு நாள் யூனிஃபார்ம் கடைக்காரர் வந்து, புது ஆர்டருக்கு விலையை ஏன் ஏற்றினீர்கள் என்று மெஷின் பக்கத்தில் நின்று மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் பெரிய வாடிக்கை. பள்ளி திறக்கிற பருவத்தில் பாதி வேலை அவர் கொடுப்பதுதான். சகலை ஏதோ சமாதானம் சொல்லப் போய், வாய் நழுவி, "வெளியில இருக்கிறவன் அடிச்சா பொறுத்துக்கலாம். எங்க வீட்டுக்குள்ளயே கம்ப்யூட்டருக்கு..." என்று கத்த, அந்த நொடியில் மெஷின் நூல் மாற்றுவதற்காக நின்றது. "...கமிஷன் அடிக்கிறாங்களே!" என்ற மிச்சம் மட்டும் அமைதியில் கணீரென்று விழுந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். மெஷினை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அந்த டிசைனில் குறித்து வைத்தவளும் அவள்தான்.

நான் அப்போது அங்கே இல்லை. ஃப்ரேம் அக்கா சொல்லித்தான் தெரியும். யூனிஃபார்ம் கடைக்காரர் தடுப்பைப் பார்த்து, சகலையைப் பார்த்து, ஒரு மாதிரிச் சிரித்தாராம். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம்கூட வரவில்லையாம். நிறம் மாற்றி மறுபடி மெஷினை ஓட விட்டதும்தான் எல்லோருக்கும் மூச்சு வந்ததாம். அன்று மாலை சகலையைப் பார்த்து நான் நேரடியாகவே கேட்டேன்.

"அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவளா அண்ணா? உங்களுக்கு மண்டை குழம்பிடுச்சா?"

"நான் பேரைச் சொன்னேனா? பொதுவாச் சொன்னேன்."

"உங்க வீட்டுக்குள்ள கம்ப்யூட்டர்ல உட்கார்றது எத்தனை பேரு? பூனையா உட்காருது?"

"விலை என்னன்னு என் கண்ணால பார்த்தேன் சகலை. கண்ணு பொய் சொல்லுமா?" என்றார். அதற்குமேல் அவரிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. வீட்டிலும் அவருக்கு மரியாதை கிடைக்கவில்லை. என் மனைவியின் அக்கா, அதாவது அவருடைய மனைவி, "வாயை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மருமகள் சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் எப்போதும்போல வந்தாள், எப்போதும்போல மாமா என்று கூப்பிட்டாள். ஒன்றே ஒன்று மாறியது. வழியில் ஒரு ஊசிப் பாக்கெட் வாங்கி வந்தால்கூட, பில்லையும் மிச்சச் சில்லறையையும் அவர் மேசையில் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். டீ வாங்கினால்கூட எழுதி வாங்கி வந்தாள். டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாராம். இதைக் காட்டி சகலை என்னிடம் கண்ணடித்தார். "பார்த்தியா, இப்ப பில்லு எல்லாம் ஒழுங்கா வருது." எனக்கு வந்த ஆத்திரத்தில் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து அவர் மேசையில் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. நூல் கொண்டுவந்து போடுகிறவனிலிருந்து பக்கத்து ஜெராக்ஸ் கடை வரை அவளுக்கு 'கமிஷன் மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட பெயர்கள் யாரைக் குறிக்கின்றனவோ அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இந்த வருடம் மறுபடி நினைவூட்டல் வந்தது. சகலை அவளாகப் பேச்செடுக்கட்டும் என்று காத்திருந்தார். அவளும் எடுத்தாள்.

"மாமா, சந்தா முடியப்போகுது. இந்தத் தடவை நீங்களே உங்க கார்டுல கட்டிடுங்க. அதுதான் நல்லது."

"ஏன், உன் கார்டுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல மாமா."

இவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். வழி அடைபட்டதும் ஒதுங்கிக்கொண்டாள் என்று கணக்குப் போட்டார். வங்கிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், வெளிநாட்டுக்குப் பணம் போகிற மாதிரி கார்டை மாற்றி வாங்கினார். நான் பள்ளி ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாவற்றையும் ஆன்லைனில் கட்டிக் கட்டிக் கை பழகியவன். அதனால் கட்டுகிற வேலை எனக்கு. உண்மையில் என்னைச் சாட்சிக்குத்தான் கூப்பிட்டார். மருமகள் டெலிவரி கொடுக்கப் போயிருந்த ஒரு மதியம், அவளுடைய நாற்காலியில் நானும் ஸ்டூலில் அவரும் உட்கார்ந்தோம்.

"என்ன விலை போட்டிருக்கு? வாய்விட்டுப் படி."

படித்தேன். ரூபாய்க் கணக்கில், போன வருடத்து விலையேதான். ஒரு காசு ஏறவில்லை.

"கேட்டுக்க. நல்லாக் கேட்டுக்க" என்று தொடையில் தட்டினார்.

புதுப்பிக்கவும் என்ற பொத்தானை அழுத்தினேன். கடையின் பெயர் கேட்டது. போட்டேன். முகவரி கேட்டது. கதவு எண், தெரு, அஞ்சல் எண் வரை போட்டேன். கார்டு எண்ணையும் வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கம் வந்தது. நான் திரையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"என்ன நின்னுட்ட?"

"கீழ ஒரு வரி இருக்கு அண்ணா."

"படி."

"வரி."

"என்ன வரின்னு படிய்யா."

"வரின்னுதான் அந்த வரியில போட்டிருக்கு. டாக்ஸ். விலைக்கு மேல டாக்ஸ். இதுவரைக்கும் காட்டல, நாம எந்த நாடுன்னு முகவரி போட்டதும் சேர்த்துட்டான்."

அவர் கண்ணாடியை இறக்கி, திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். மொத்தம் என்ற இடத்தில் இருந்த தொகையை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது வேற யாரோடதோ. பின்னாடி போ" என்றார். பின்னால் போனேன். முதல் பக்கத்தில் பழைய விலை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மறுபடி முன்னால் வந்தேன். அதே வரி, அதே மொத்தம். முகவரியை எடுத்துவிட்டுக் கட்டு என்றார். முகவரி இல்லாமல் அந்தப் பக்கம் நகரவில்லை. அப்போதுதான் பார்த்தேன், முதல் பக்கத்து விலைக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரம். பக்கத்தின் அடிவரை உருட்டிக்கொண்டே போனால் சாம்பல் நிறத்தில் ஒரு வாக்கியம், வரி இதில் சேராது என்று. அதையும் வாய்விட்டுப் படித்தேன். இந்தமுறை அவர் தொடையில் தட்டவில்லை.

"சகலை, இந்த மொத்தம்..."

"சொல்லுங்க."

"போன வருஷம் அவ சொன்னது இதேதான்."

ஒரு வருடமாக மனதில் வைத்து நோண்டிக்கொண்டிருந்த தொகை அல்லவா, அவருக்கு அது மறக்கவே இல்லை. கட்டட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். கட்டினேன். உடனே அவர் ஃபோனில் வங்கியின் செய்தி வந்தது. போன பணம் கடைசிப் பக்கத்து மொத்தத்தைவிடவும் அதிகம். வெளிநாட்டுக்குப் பணம் போனதற்கு வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுத்திருந்தது, அந்தக் கட்டணத்துக்கும் ஒரு வரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். காரணம், அவர் முகம்.

"இதை அவ கேக்கல" என்றார்.

"எதை?"

"பேங்க் எடுத்ததை. போன வருஷமும் எடுத்திருப்பான்ல? அவ கார்டுலேர்ந்து எடுத்திருப்பான். என்கிட்ட கேக்கவே இல்ல. கைக்காசைப் போட்டிருக்கா சகலை. அவளைப் போய் நான்..."

முன் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அவள் ஒட்டி வைத்திருந்த நூல் நிறங்களின் துண்டுகள், அவள் தண்ணீர்ப் பாட்டில், நாற்காலி முதுகில் தொங்கிய அவள் பை, எதையும் அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அவரை நான் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட்டுப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. நன்றாக வேண்டும் என்று மனதில் ஒரு பக்கம் சொன்னது. இன்னொரு பக்கம் பாவமாகவும் இருந்தது. பாவம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்தபோது உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கட்டியாச்சா மாமா?" என்று கேட்டாள். "ம், ஆச்சு" என்று பாத்ரூமுக்குள் போய்விட்டார். மறுநாள் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? போன வருடத்து வங்கிக் கட்டணத்தைக் கணக்குப் போட்டு, பணத்தை ஒரு கவரில் வைத்து, அவள் வருவதற்கு முன்னால் கீபோர்டின் மேல் வைத்துவிட்டார். மதியத்துக்குள் கவர் கத்தரிக்கோலுக்கு அடியில் வந்துவிட்டது.

"இது எதுக்கு மாமா?"

"சும்மா... இருக்கட்டும்னு..."

"சும்மா எதுக்கு மாமா?" என்றாள் அதே குரலில். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான் அவரைக் காய்ச்சி எடுத்தேன். "பேச்சுல பண்ணின தப்பை நோட்டுல அடைக்கப் பார்க்கிறீங்களா? வாயைத் திறந்துதானே சொன்னீங்க, வாயைத் திறந்தே திருப்பி எடுங்க" என்றேன். எடுக்கத்தான் பார்க்கிறேன் என்றார். பொய் இல்லை, முயன்றார். அவள் அறை வாசல்வரை போவார், "அந்தத் தொப்பி ஆர்டர்..." என்று எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பி வருவார். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் பசியில்லை என்று எழுந்துவிடுவார். விலை கேட்டு வருகிறவர்களிடம்கூடப் பழைய மிடுக்கு போய்விட்டது. மின்விசிறியைப் பார்ப்பார், தொகையைச் சொல்வார், பிறகு, "எல்லாம் சேர்த்துத்தான், நல்லாக் கேட்டுக்குங்க" என்று அவர்கள் கேட்காமலே சேர்த்துக்கொள்வார். அவருக்குத் தூக்கமே வரவில்லை என்று என் மனைவியிடம் அவள் அக்கா சொன்னாள். வரவே கூடாது என்றேன் நான்.

ஒரு நாள் நூல்காரன் வந்து, "கமிஷன் மேடம் இருக்காங்களா?" என்று ஃப்ரேம் அக்காவிடம் கேட்க, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே கை காட்டினார். சகலை பாய்ந்தார்.

"என்ன பேரு அது? யாரு வச்சது? இனிமே இந்தக் கடையில அந்தப் பேரு என் காதுல விழுந்துச்சு..."

ஃப்ரேம் அக்கா ஃப்ரேமைக் கையில் பிடித்தபடி, கோபமில்லாமல்தான் சொன்னார். "நீங்க வச்ச பேருதானே சார்."

நூல்காரன் பெட்டியை வைத்துவிட்டு ஓடியே போனான்.

அன்றே என்னைக் கூட்டிக்கொண்டு யூனிஃபார்ம் கடைக்குப் போனார். சொல்லை முதலில் விழுந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அடுக்கி வைத்த சட்டைகளுக்கு நடுவில் யூனிஃபார்ம் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். சகலை நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே சொன்னார். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, என் மருமகள் ஒரு பைசா எடுக்கவில்லை, விலையைப் பார்த்தேன், வரியைப் பார்க்கவில்லை, வங்கிக் கட்டணத்தைக்கூட அவள் கையிலிருந்து போட்டிருக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னார். ஃபோனில் வங்கியின் செய்தியையும் எடுத்து நீட்டினார். இவ்வளவு நீளமாக விலையைத் தவிர வேறு எதையும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

யூனிஃபார்ம் கடைக்காரர் ஃபோனைப் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து சகலையின் தோளில் கை போட்டார்.

"அட, விடுங்க. இதுக்காகவா வந்தீங்க? எனக்குத் தெரியாதா? எங்க வீட்லயும்தான் இருக்கு. வீட்டு விஷயத்தை நாலு பேருக்கு முன்னாடி விட்டுக்கொடுக்க முடியுமா? மூடித்தான் ஆகணும். நீங்க பெரிய மனுஷன், மூடுறீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"மூடல. நெஜமாவே அவ எடுக்கல."

"சரி சரி, எடுக்கல" என்று கண்ணைச் சிமிட்டினார்.

திரும்பி நடக்கிறபோது சகலை ஒரு சுவரோரமாக நின்றுவிட்டார். திருடி என்று சொன்னபோது உடனே நம்பிய மனிதன், இல்லை என்று சொல்லும்போது நம்ப மறுக்கிறான். பெரிய மனுஷன் என்று பட்டம் வேறு கொடுக்கிறான். "நான் சொன்னா சொன்னதுதான்னு எல்லாருக்கும் தெரியும் சகலை. அதனாலதான் நம்பினாங்க" என்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்கு வந்ததும் ஃப்ரேம் அக்காவிடம் மெஷினை நிறுத்தச் சொன்னார். பாதி தைத்த சட்டை, ஏன் என்று கேட்டார் அக்கா. நிறுத்து என்றார். தடுப்புக்குப் பக்கத்தில் நின்று மருமகளைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். கையில் பென்சில்.

"போன வருஷம் நீ காசு எடுத்துட்டேன்னு நெனச்சேன்மா. நெனச்சதோட நிக்கல, வெளியாள் முன்னாடி சொல்லவும் சொன்னேன். நீ எடுக்கல. நான்தான் கடைசிவரைக்கும் பார்க்காம பேசிட்டேன். உனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தது நான். அதைத் திருப்பி எடுக்கலாம்னு போனேன், முடியல. என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

"கட்டின அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல மாமா?"

"ஆமா."

"எனக்கும் தெரியும். சித்தப்பா முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது" என்று என்னைக் காட்டினாள். "நீங்க சொல்லுவீங்கன்னு தினமும் பார்த்தேன். கவர்ல காசு வச்சீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அன்னைக்கு ஒரு தடவை கேட்டிருக்கலாமே மாமா, ஏன் கூட ஆச்சுன்னு. காட்டியிருப்பேனே. ஒரு நிமிஷ வேலை."

"கேட்டிருக்கணும்."

"எனக்கு வேற இடத்துல வேலை கெடைச்சிருக்கு. பெரிய யூனிட், டிசைன் செக்‌ஷன்ல. அடுத்த மாசத்துலேர்ந்து. அத்தைகிட்ட சொல்லிட்டேன், அவர்கிட்டயும் ஃபோன்ல சொல்லிட்டேன். உங்ககிட்ட இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். சந்தா அடுத்த வருஷம்வரைக்கும் இருக்கு, நீங்க யாரையாவது வச்சுக்குங்க. சாயங்காலம் வந்து அவங்களுக்கு நான் கத்துக் குடுக்கிறேன்."

அவர் என்ன கேட்டார் தெரியுமா? பழக்க தோஷம், வேறு என்ன கேட்பார்.

"சம்பளம் கூடவாம்மா?"

"இல்ல மாமா, கம்மிதான். பஸ் செலவு வேற."

"பின்ன ஏன்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அங்க என்னை யாருக்கும் தெரியாது மாமா."

சொல்லிவிட்டு உள்ளே போய் விட்ட வேலையைத் தொடர்ந்தாள். சகலை தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெஷினைப் போடலாமா என்று ஃப்ரேம் அக்கா என்னிடம்தான் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.